பத்துக்கு மேல் வேண்டாம்

பேட்டரி தரையில் இருந்தது. காரின் கூரை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று எலக்ட்ரீசியன் முடிவு செய்தார். முப்பத்தெட்டு வருஷமாகக் கார்களின் வயிற்றில் கைவிட்டுப் பிழைப்பவர் அவர். ஒரு விளக்கு வந்து அவரிடம் வாலாட்ட முடியாது. குனிந்து பேட்டரியைப் பார்த்தார். கறுப்பு வயரை முதலில், சிவப்பு வயரை அடுத்து, அவரே கழற்றி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் சாயாமல் தூக்கி, தூணோரம் பலகை போட்டு அதன்மேல் வைத்த பேட்டரி. வைத்த இடத்தில்தான் இருந்தது. கழற்றிய வயர்கள் இரண்டும் எஞ்சினுக்குப் பக்கத்தில் வாய் பிளந்து தொங்கின. நிமிர்ந்து விளக்கைப் பார்த்தார். அதுவும் இருந்த இடத்தில்தான் எரிந்தது, ஆறிப்போன டீயின் நிறத்தில்.

அவருடைய இடது கை, திறந்திருந்த டிரைவர் கதவின்மேல் ஊன்றியிருந்தது. எரிச்சலோடு கையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

விளக்கு அணைந்தது.

“வயசானா வயருக்கும் புத்தி கெட்டுடும் போல,” என்று காரைப் பார்த்துச் சொன்னார். சொன்ன குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது அவருக்கே பிடிக்கவில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது அடித்தளம் அது. மேலே மதியம் இரண்டரை மணி வெயில் ஜன்னல் கம்பிகளை உருக்கிக்கொண்டிருக்க, கீழே பொழுது என்ற ஒன்று இதுவரை இறங்கி வந்ததே இல்லை. ஈர சிமென்ட் வாசம், பழைய டயர் வாசம், எங்கோ ஒரு குழாய் அவசரமில்லாமல் சொட்டும் சத்தம், தூண்களுக்குப் பின்னால் போர்வை போர்த்திய கார்களின் கூன்முதுகுகள். சிக்கனத்துக்குப் பேர்போன சங்கத் தலைவர், ஆள் அசைந்தால் மட்டும் எரியும் விளக்குகளை மாட்டியிருந்தார். ஒரு நிமிஷம் அசையாமல் நின்றால் இருட்டு பொத்தென்று தலையில் விழும். எலக்ட்ரீசியனுக்கு மட்டும் அந்தத் தொல்லை வந்ததில்லை. கோபத்தில் அவர் கைகால் ஓரிடத்தில் நின்றால்தானே.

அவருடைய கோபம் ஏழு தெரு அறிந்தது. பட்டறையில் முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் ‘ஷார்ட் சர்க்யூட்’. ஒருமுறை போனில் அவர் போட்ட சத்தத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் இரண்டு நாள் ஒற்றைக் காதோடுதான் வியாபாரம் பார்த்தார். அவரிடம் திட்டு வாங்கிய ஹாரன் ஒன்று அதன்பிறகு எந்த வண்டியில் மாட்டினாலும் விக்கியது. ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் அவர் கையைக் குறை சொல்லத் தோன்றாமல் மிஷினைப் பழுதுபார்க்க அனுப்பிவிட்டாள். ஆனால் ஒன்று: காலையில் வரும் கோபத்தைக் காலையிலேயே செலவழித்துவிடுவார். சாயங்காலத்துக்கென்று மிச்சம் வைக்கும் வழக்கமில்லை.

இன்றைய கோபத்துக்கு உரியவன் மைத்துனன். மனைவியின் தம்பி. நூலகத்தில் வேலை, அங்கேயும் அவன்தான் ரொம்ப அமைதியானவன். அவன் ஒரு கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பவர் அரைநாள் லீவு போட வேண்டும். வீட்டிலேயே கார் எலக்ட்ரீசியனை வைத்துக்கொண்டு, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நாற்பது நாளைக்கு முன் இந்தப் பழைய காரை ஒரு புரோக்கரிடம் வாங்கிவிட்டான். நாற்பது நாளில் மூன்று பேட்டரி. இரவு நன்றாக இருக்கும் வண்டி காலையில் செத்துக் கிடக்கும்.

இன்று நாலு மணிக்கு மனைவிக்குக் கண் ஆபரேஷன். இரண்டு மாதம் காத்திருந்து கிடைத்த நாள். பார்வை இரண்டு கண்ணிலும் பால் ஊற்றினாற்போல் ஆகிவிட்டது, சுவரைத் தடவித்தான் நடக்கிறாள். “டாக்சியில போய்க்கறேங்க,” என்று காலையில் சொன்னாள். அவர் தட்டைத் தள்ளிவிட்டார். ஊர் வண்டிக்கெல்லாம் உயிர் கொடுக்கிறவன் பொண்டாட்டி வாடகை வண்டியிலா போவாள்? கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலை விழுங்கிக்கொண்டது. “சரிங்க,” என்றாள் அவள். முப்பத்திரண்டு வருஷமாக அவள் சொல்லும் ஒரே பதில்.

அதனால்தான் இந்த வண்டி மூன்றரைக்குள் கிளம்பியாக வேண்டும்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மைத்துனன் டீ கொண்டுவந்தான், ஒரு படிக்கு ஒரு யோசனை என்ற கணக்கில்.

“என்ன அத்தான், உயிர் இருக்கா?”

“உனக்கா வண்டிக்கா?”

“வண்டிக்குத்தான்.”

“பேட்டரி முனையெல்லாம் உப்பு பூத்துக் கெடக்கு. சுடுதண்ணி ஊத்தி, பிரஷ் போட்டுத் தேச்சு, காய வச்சு கிரீஸ் தடவியாச்சு. அது ஒரு வேலையா? இதப் பாரு.” ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில் இருந்த ஃபியூஸ் பெட்டியைக் காட்டினார். “பதினேழாவது எடத்துல என்னடா இது?”

மைத்துனன் குனிந்து பார்த்தான். “சாக்லேட் பேப்பர்.”

“அது எனக்கும் தெரியுது.”

“ஃபியூஸ் போட்டா போயிட்டே இருந்துச்சு அத்தான். மடிச்சு வச்சேன், நின்னுடுச்சு. சாக்லேட்டும் நல்லாதான் இருந்துச்சு.”

எலக்ட்ரீசியனின் காது மடல் சிவந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் இடுக்கியால் அந்த வெள்ளித் தாளைப் பிடுங்கி அவன் முகத்துக்கு நேரே ஆட்டினார். “ஃபியூஸ்ங்கறது என்னன்னு தெரியுமா? மத்தவங்க எரியக் கூடாதுன்னு முன்னால போய்ச் சாகறவன். அவன் எடத்துல சாகவே சாகாதவனக் கொண்டுவந்து வச்சா, மிச்சப்பேர்தான் சாகணும். எத்தன வண்டி கரிக்கட்டையானத என் கண்ணால பாத்திருக்கேன். பத்து ஆம்ப்ஸ்னா பத்துதான். பதினஞ்சு கூடக் கூடாது. நீ என்னடான்னா…”

பேசிக்கொண்டே பத்து ஆம்ப்ஸ் சிவப்பு ஃபியூஸ் ஒன்றை அழுத்தினார். கூரை விளக்கு பளிச்சென்று மஞ்சளாகி, வெள்ளையாகி,

டிக்.

அணைந்தது. கருகிய பிளாஸ்டிக்கின் மெல்லிய நெடி.

இருவரும் பலகைமேல் இருந்த பேட்டரியைப் பார்த்தார்கள்.

“பேட்டரியே இல்லாம எரியுதே அத்தான்,” என்றான் மைத்துனன் ரசனையோடு. “நல்ல வண்டிதான். அந்தப் புரோக்கர் சொன்னாரு, முதல் ஓனருக்கு இதுன்னா உயிராம். உக்காந்தாருன்னா எறங்கவே மாட்டாராம்.”

“மேல போ.”

“டீ?”

“போடா.”

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. குழாய் சொட்டியது. சீட்டின் பழைய ரெக்ஸின் அவர் முதுகுக்குப் பின்னால் சூடாக இருந்தது. இத்தனை நேரம் யாரோ சாய்ந்திருந்து இப்போதுதான் நகர்ந்து இடம் கொடுத்தாற்போல் ஒரு சூடு. அவர் கையில் நான்கு ஃபியூஸ் இருந்தது, இப்போது மூன்று. ஃபியூஸ் பெட்டியின் மூடியைத் திருப்பினார். உள்பக்கம் எந்த ஃபியூஸ் எதற்கென்று அச்சடித்த படம். பதினேழுக்கு நேரே அச்சில் ஒன்றுமில்லை. நீல மையில், நடுங்கிய கையெழுத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்.

*பத்துக்கு மேல் வேண்டாம். தயவுசெய்து.*

ஃபியூஸ் பெட்டிக்குள் எச்சரிக்கை எழுதுவார்கள், திட்டி எழுதுவார்கள், ஒருவன் மளிகைச் சாமான் எழுதி வைத்ததைக்கூட அவர் பார்த்திருக்கிறார். தயவுசெய்து என்று எவனும் எழுதிப் பார்த்ததில்லை.

இரண்டாவது ஃபியூஸைப் போட்டார். ஒன்றும் ஆகவில்லை. மூச்சு விட்டார். ஒரு கை ஸ்டியரிங்மேல் தானாக இளைப்பாறியது. பேட்டரி இல்லாத வண்டியில் விளக்கு எரிந்தால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும், கண்டுபிடிக்கலாம். சாக்லேட் பேப்பர். அதை நினைத்தார். மடிச்சு வச்சேன், நின்னுடுச்சு. கூரையில் டீ நிறம் கசிந்தது. சாக்லேட்டும் நல்லாதான் இருந்துச்சு. மஞ்சள். வெள்ளை.

டிக்.

மூன்றாவதைப் போட்டார். வேண்டுமென்றே அந்தப் புரோக்கரை நினைத்துக்கொண்டார், அவனுடைய தங்கப் பல்லை, சார் சார் என்ற குழைவை.

டிக்.

ஸ்டியரிங்மேல் இருந்த கையைப் பார்த்தார். மின்சாரம் அவரை நூறு தடவை அடித்திருக்கிறது. அது எப்படி வரும், எங்கே உதறும் என்பதெல்லாம் தெரியும். இது அப்படி இல்லை. இதில் எதுவும் உள்ளே வரவில்லை. உள்ளங்கை வழியாக எதுவோ வெளியே போனது, சட்டைக் கையிலிருந்து ஒரு நீள வயரை மெதுவாக உருவினாற்போல்.

இறங்கியிருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் அப்போதே இறங்கி, படியேறி, டாக்சிக்குச் சொல்லியிருப்பார்கள். எலக்ட்ரீசியனுக்குப் பயம் வந்தது. பயம் வந்ததில் கோபம் வந்தது. முப்பத்தெட்டு வருஷம்! ஒரு ஓட்டை வண்டி! கடைசி ஃபியூஸ் அவர் போட்ட வேகத்திலேயே கருகி, விரலைச் சுட்டது.

கையில் ஃபியூஸ் இல்லை. மணி மூன்று ஐந்து.

அதன்பிறகு அவர் செய்ததை, பட்டறையில் எவனாவது செய்திருந்தால் அன்றே கணக்குத் தீர்த்து அனுப்பியிருப்பார். பையிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்தார். பல்லால் தோலை உரித்தார். செம்பு இழைகளை முறுக்கினார், ஊக்கு மாதிரி வளைத்தார். “எது எரியுதுன்னு பாத்துடறேன். யாருடா நீ?” என்றார். பதினேழாவது இடத்தில் சொருகினார்.

கதவு சாத்திக்கொண்டது.

வேகமாக அல்ல. நல்ல வண்டியின் கதவு சாத்துவதுபோல், பதமாக, ஒரே க்ளிக்கில்.

கைப்பிடியை இழுத்தார். வரவில்லை. இடது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கப் பார்த்தார். வரவில்லை. ஒட்டவுமில்லை, வலிக்கவுமில்லை, ஆனால் கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. கூரை விளக்கு எரிந்தது. டாஷ்போர்டில் ஒவ்வொரு முள்ளாக எழுந்து நின்றது. ரேடியோ விழித்து ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் விட்டது. சாவி அவர் சட்டைப்பையில்தான் இருந்தது.

“தொறடா,” என்று கத்தினார்.

ஹெட்லைட் இரண்டும் எரிந்தன.

புறங்கையைப் பார்த்தார். காலையில் சோப்பு போட்டுக் கழுவிய கை. அது மெல்லச் சுருங்கிக்கொண்டிருந்தது, வெயிலில் வைத்த தோல் மாதிரி. கண்ணாடியில் ஒரு புருவம் வெளுத்திருந்தது. டிக் என்ற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

வரவில்லை.

எப்படி வரும். சாகாதவனை அவர்தான் வைத்தார்.

அடித்தளத்தின் விளக்குகள் அணைந்தன. அவர் அசையவில்லை என்று அவை முடிவு செய்துவிட்டன. இப்போது கார் மட்டும்தான் வெளிச்சம். பின் சீட்டின் ரெக்ஸின் மெதுவாகக் கிறீச்சிட்டது. ஒருவர் வசதியாக நகர்ந்து உட்கார்ந்தால் வரும் சத்தம். அவர் திரும்பவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை.

போன் அடித்தது. மைத்துனன்தான். அவனுக்குத்தான் அந்தக் குயில் கூவும் ரிங்டோன். குயில் கூவியது. விளக்கு ஏறியது. குயில் கூவியது. விளக்கு ஏறியது. கன்னத்தின் சதை உள்ளே இழுத்துக்கொள்வதை அவரால் உணர முடிந்தது.

கோபப்படக் கூடாது.

வாழ்நாளில் முதல்முறையாக அந்த யோசனை அவருக்கு வந்தது, அதுவும் அந்த இடத்தில். அமைதியாக ஏதாவது நினைக்க வேண்டும். தேடினார். கடை? கஸ்டமர்கள். வீடு? சங்கத் தலைவர். பிள்ளைப்பருவம்? அப்பா. எங்கே கைவைத்தாலும் சுட்டது. அறுபத்தொரு வருஷத்தில் குளிர்ச்சியாக ஒரு மூலை இல்லை.

சரிங்க.

அது இருந்தது. கல்யாணமான முதல் நாள், பெட்டிச் சாவியைக் காணவில்லை என்று அத்தனை உறவுக்கும் நடுவில் அவர் கத்தியபோது அவள் தலையைக் குனிந்து சொன்ன அந்தச் சரிங்க. அவள் அப்பா செத்த வீட்டில், கிளம்ப நேரமாகிறது என்று அவர் வாசலில் நின்று கத்தியபோது, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்ன சரிங்க. குழம்பில் உப்பு. சட்டையில் பட்டன். எதற்கும் ஒரு சொல் கூடப் பேசியதில்லை. என்ன நல்லவள். ஒன்றன்பின் ஒன்றாக நினைத்தார். சரிங்க. சரிங்க. சரிங்க.

ஹெட்லைட் மங்கியது. முட்கள் படுத்தன. கூரை விளக்கு டீயாகி, துருவாகி, ஒரு புள்ளியாகி, போயிற்று.

க்ளிக்.

கதவு ஒரு விரற்கடை திறந்தது. கையும் வந்தது. அவர் இறங்கவில்லை, விழுந்தார். கைகளாலும் முழங்கால்களாலும் சிமென்டில் தவழ்ந்து, பேட்டரிக்குப் பக்கத்தில் தூணில் முதுகை முட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அடித்தள விளக்குகள் மறுபடி எரிந்தன. டிரைவர் கதவு அகலத் திறந்து கிடந்தது. அந்த வயரைப் பிடுங்க வேண்டும். கையை உள்ளே விட வேண்டும். பிளாஸ்டிக் இடுக்கி சீட்டின்மேல் கிடந்தது.

ஒரு கம்பு. காய்ந்த கம்பு ஒன்று கிடைத்தால் போதும்.

லிஃப்ட் திறக்கும் சத்தம் கேட்டது.

மனைவி வந்தாள். ஆஸ்பத்திரிப் பை தோளில். வலது கை முன்னால் நீண்டு காற்றைத் தடவியது. முதல் காரைத் தொட்டாள், அதன் விளிம்போடு நடந்தாள், இரண்டாவது காரைத் தொட்டாள். அவளுக்குப் பத்தடி பின்னால் மைத்துனன், போனைப் பார்த்துக்கொண்டு.

“அத்தான், போன எடுக்க மாட்டேங்கறீங்களே. ரெடியா?”

“நில்லு,” என்றார் எலக்ட்ரீசியன். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. “அங்கேயே நில்லு.”

அவள் மூன்றாவது காரைத் தொட்டாள். விரல்கள் மட்கார்டின்மேல் ஊர்ந்தன, பக்கக் கண்ணாடி, கதவின் விளிம்பு, திறந்த இடம்.

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அது நீ உட்கார வேண்டிய பக்கம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் முப்பத்திரண்டு வருஷப் பழக்கம் அவருக்கு முன்னால் ஓடியது.

“தொடாதன்னு சொல்றேன்ல, கண்ணுதான் அவிஞ்சு போச்சு, காதுமா அவிஞ்சு போச்சு? அறிவு கெட்டவளே!”

அடித்தளம் முழுக்க அது போய் இடித்துத் திரும்பி வந்தது. அவள் நின்றாள். பால் படிந்த கண்களை அவர் குரல் வந்த திசைக்குத் திருப்பினாள்.

“சரிங்க,” என்றாள்.

ஆனால் கதவிலிருந்து கையை எடுக்காமல் உள்ளே உட்கார்ந்தாள். கதவை அவளே சாத்திக்கொண்டாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. குழாய் இரண்டு முறை சொட்டியது. பிறகு காரின் விளக்குகள் எரிந்தன. கூரை விளக்கு, ஹெட்லைட், பின்விளக்கு, எல்லாம் ஒரேயடியாக. மஞ்சளே இல்லை. எடுத்த எடுப்பில் வெள்ளை. எஞ்சின் உறுமியது. திறந்த பானெட்டுக்கு அடியில் கழற்றிய வயர்கள் இரண்டும் விறைத்து நிமிர்ந்தன. மேலே அடித்தளத்தின் குழல்விளக்குகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்பட்டென்று வெடித்தன. போர்வை போர்த்திய கார்கள் அத்தனையும் ஒரு வரிசையாகக் கண் திறந்தன.

“பாத்தீங்களா,” என்றான் மைத்துனன் திருப்தியாக. “ஸ்டார்ட் ஆயிடுச்சு.”

எலக்ட்ரீசியன் தவழ்ந்து போய்க் கதவைப் பிடித்தார். உள்ளங்கை பொசுங்கியது. விடவில்லை. தினமும் செலவழிக்கிற பேட்டரியில் என்ன இருக்கும்? ஒன்றும் இருக்காது. ஒருநாள்கூடச் செலவழிக்காமல் ஏற்றிக்கொண்டே, ஏற்றிக்கொண்டே வந்த ஒன்றில்…

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கொண்டை அவிழ்ந்திருந்தது. கறுப்பு மயிர் நுனியிலிருந்து வேருக்கு வெளுத்துக்கொண்டு போனது. பின் சீட்டில் ஒரு நிழல் முன்னால் சாய்ந்து, அவள் வாயருகே காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் பேசிக்கொண்டிருந்தாள். வேகமாக, மூச்சு விடாமல், உதடு வெடிக்க. சத்தம் வெளியே வரவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் வெளிச்சம் ஒரு படி ஏறியது. அவர் பொசுங்கிய கையைக் கண்ணாடியில் வைத்து, கூசிய கண்ணால், அந்த உதடுகளைப் படித்தார்.

பெட்டிச் சாவி, என்றது உதடு.

இன்னும் முதல் நாளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.